முலாம்பழத் தோலில் இரண்டு கோடு

சின்னவள் ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. பெட்டியை இரண்டு தடவை எடை போட்டு, இரண்டு தடவை பிரித்து, மூன்றாவது தடவை அக்காவின் கணவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பூட்டு விழுந்தது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் மச்சினியை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வந்திருந்தார். பின்சீட்டில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் உருண்டுகொண்டிருந்தது.

வேன் வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, சின்னவள் கைப்பையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பி வந்தது ஒரு மாத்திரை டப்பாவோடு. வாசல் படியில் உட்கார்ந்து அதைக் கவிழ்த்தாள். அறுபத்திரண்டு முலாம்பழ விதைகள். மிட்டாய் பங்கு போடும் குழந்தை மாதிரி ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் தள்ளினாள்.

“முப்பத்தொண்ணு உனக்கு, முப்பத்தொண்ணு எனக்கு. என்னோடது போச்சுன்னா உன்னோடது இருக்கும். உன்னோடது போச்சுன்னா என்னோடது.”

“எனக்கு எதுக்குடி? நான் ஒரு கீரைகூட வச்சதில்ல.”

“வைக்க வேணாம். பத்திரமா வச்சிரு போதும். அதுக்கு உன்ன விட்டா ஆள் ஏது?”

தன் பங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மற்றதை டப்பாவோடு நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். வேன் கிளம்பியது. ஜன்னல் வழியாகக் கைகாட்டிக்கொண்டே போன தங்கையைவிட, கையில் இருந்த டப்பாதான் அவளுக்கு அந்த நேரத்தில் கனமாக இருந்தது.

அந்தப் பழத்தின் கதை இதுதான். அக்காவும் கணவரும் கடன் உடன் வாங்கி அந்த வீட்டை வாங்கியபோது, பின்பக்கத் தோட்டத்தில் ஒரு முலாம்பழக் கொடி படர்ந்து கிடந்தது. பழைய வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு சேர்த்து ஒரு பொட்டலம் விதையும் கொடுத்தார். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, நான் வீடு வாங்கும்போதும் இப்படித்தான் கொடுத்தார்கள் என்றார். கடையில் கிடைக்கிற பழம் மாதிரி வலை பின்னிய தோல் கிடையாது. தோல் வழவழவென்று, பச்சையாக இருந்து பழைய தாளின் நிறத்துக்கு வரும். அறுத்தால் உள்ளே வெள்ளை, தோல் ஓரத்தில் மட்டும் இளம்பச்சை. பழுத்த அன்று காம்பு தானாக விட்டுவிடும். அந்த வாசனை சமையலறை வரைக்கும் வந்து ஆளைக் கூப்பிடும். வேறு எங்கும் அந்தப் பழத்தை யாரும் பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. வீட்டோடு வந்ததால் வீட்டுப்பழம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

அக்காவோடு தங்கியிருந்து நர்ஸ் படிப்புப் படித்த சின்னவள்தான் கொடியைப் பார்த்துக்கொண்டாள். ஏழு வருஷம். இப்போது பனி விழுகிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை.

மூன்றாம் நாள் போன் வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா, சாப்பாடு எப்படி என்று அக்கா அடுக்கிக்கொண்டே போக, சின்னவள் குறுக்கிட்டாள்.

“விதைய எடுத்துட்டாங்கக்கா. வெளிநாட்டு விதை உள்ள வரக்கூடாதாம். பூச்சி, நோய் வந்துடுமாம். என் கண்ணு முன்னாடியே குப்பைத் தொட்டில போட்டாங்க.” பிறகு, “இனிமே எல்லாம் உன்கிட்டதான்” என்றாள்.

அதுவரை அலமாரியில் சும்மா இருந்த டப்பா, அந்த நிமிஷத்திலிருந்து சும்மா இருக்கவில்லை.

*

அக்காவைத் தெருவில் எல்லோரும் எக்ஸ்ரே என்றுதான் சொல்வார்கள். இருபது வருஷமாக அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளுடைய ராஜ்ஜியம் இரண்டு அறைகள். ஒன்றில் இயந்திரமும் கட்டிலும், சுவரில் மாட்டிய கனத்த ஈய அங்கியும். இன்னொன்று இருட்டறை, சிவப்பு விளக்கு, மருந்துத் தொட்டி மூன்று, கொடியில் காயும் ஃபிலிம்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒருவருடைய இடது காலும் வலது காலும் படத்தில் மாறிப்போகப் பார்த்ததை அவள் கண்ணால் கண்டவள். அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம்கூட அவள் மேசையைத் தாண்டியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். உப்பு டப்பாவில் உப்பு என்று எழுதியிருக்கும், சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று. கணவர், “என் முதுகுல மட்டும்தான் இன்னும் ஒட்டல” என்பார்.

விதையைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது, சில வருஷங்களில் அதற்கும் வயதாகிவிடும் என்று சின்னவள் போனில் சொன்னாள். போட வேண்டும், பழம் எடுக்க வேண்டும், அந்தப் பழத்திலிருந்து விதை எடுக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ரேடியோ வீடு.

ரேடியோ என்பது கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்த மனிதர். காலையில் கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை பேசுவார். யாரும் நிறுத்த முடியாது என்பதால் அந்தப் பெயர். அவர் தோட்டத்தில் பாக்கெட் விதை வாங்கிப் போட்ட முலாம்பழம், வலைத் தோலும் ஆரஞ்சுச் சதையுமாகக் காய்க்கும். தேனீக்கு மதில் ஏது? அங்கே ஒரு பூவில் உட்கார்ந்துவிட்டு இங்கே வந்தால் போதும். அந்த வருஷப் பழத்தில் ஒன்றும் தெரியாது; தாய்க்கொடியின் பழம் மாதிரியே இருக்கும், அதே வாசனை, அதே ருசி. ஆனால் உள்ளே இருக்கிற விதை கலந்த விதை. அடுத்த வருஷம் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே தேனீ வேலையைக் கையால் செய்ய வேண்டும். நாளைக்கு விரியப்போகிற பூவை முந்தின நாள் சாயங்காலமே கண்டுபிடித்து, வாயைக் கட்டிவிட வேண்டும். காலையில் பிரித்து, ஆண் பூவைக் கிள்ளி இதழை உரித்து, அடியில் பிஞ்சோடு இருக்கிற பூவில் தடவி, மறுபடி கட்ட வேண்டும். பத்துக்கு இரண்டு நின்றால் பெரிய விஷயம். சின்னவள் இதையெல்லாம் மூன்று போனில் சொல்லிக் கொடுத்தாள். அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதற்கு முன்னால் முறையாக மதில் பக்கம் போய், இந்த ஒரு வருஷம் கொடி போடாமல் இருக்க முடியுமா என்று ரேடியோவைக் கேட்டும் பார்த்தாள்.

“ஏம்மா எக்ஸ்ரே, என் கொடி என்ன உன் கொடியப் பாத்துக் கண்ணடிக்குதா?” என்றார் அவர். அதன் பிறகு முக்கால் மணி நேரம் தேனீக்களைப் பற்றிப் பேசினார். முடியாது என்பதுதான் அதன் சாரம்.

முதல் வருஷம் பதினாறு விதை போட்டாள். பதினைந்தை டப்பாவிலேயே வைத்தாள். அன்பு அதிகமாகி வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றியதில் நான்கு முளையிலேயே அழுகின. மூன்று வெளியே தலை காட்டவே இல்லை. ஒன்பது கொடி தேறியது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், தோட்டம் என்றால் என்னவென்று தெரியாத அவளுக்கு அந்தச் சாயங்கால வேலை கைவந்த கலையாக இருந்தது. நாளைக்கு விரியும் பூவும் நாளை மறுநாள் விரியும் பூவும் பார்வைக்கு ஒன்றுதான். நுனியில் ஒரு துளி மஞ்சள்தான் வித்தியாசம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் சின்னவளே அதில் ஏமாந்திருக்கிறாள். அக்கா ஏமாறவில்லை. இருபது வருஷம் சிவப்பு விளக்கில் எலும்பின் மயிரிழை விரிசலைத் தேடிய கண் அது. வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, புடவையை முழங்கால் வரை செருகிக்கொண்டு, காயத்துக்கு ஒட்டும் வெள்ளை டேப்பைச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் புறங்கையில் ஒட்டிக்கொண்டு, கொடிகளுக்கு நடுவே கொக்கு மாதிரி நடப்பாள். காலையில் ஆறு மணிக்கு மறுபடி. ஏழரைக்கு ஆஸ்பத்திரி பஸ்.

வீட்டுக்கும் பழம் வேண்டுமே என்று தேனீ செய்த பிஞ்சுகளையும் விட்டுவைத்தாள். வேறு யாராக இருந்தாலும் கையால் செய்ததற்கு மட்டும் ஒரு நூலைக் கட்டியிருப்பார்கள். எக்ஸ்ரே அக்காவுக்கு அது மனசு ஒப்பவில்லை. சீட்டு இல்லாமல் ஒரு பழம் தன் தோட்டத்தில் தொங்குவதா? ஆஸ்பத்திரியில் வீணான ஃபிலிம்களைக் கழுவி, வெட்டி, ஓட்டை போட்டு, ஒவ்வொரு பழத்தின் காம்புக்கும் ஒன்று கட்டினாள். அதில் மார்க்கர் பேனாவால் எண்ணும், பக்கத்தில் ‘கை’ அல்லது ‘தேனீ’ என்றும். இருபது வருஷத்துக்கு முன்னால் அதே ரகப் பேனாவால் எழுதிய ஃபிலிம் உறைகள் இன்னும் அலமாரியில் கறுகறுவென்று இருக்கின்றன. ஐந்து கை, ஒன்பது தேனீ. மொத்தம் பதினான்கு.

அந்த அலமாரி இருட்டறையில் இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

காய்கள் பருத்துக்கொண்டிருந்த அந்த ஐந்து வாரம், சீட்டை ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை; எல்லாம்தான் எழுதியாகிவிட்டதே. முதல் பழம் காம்பு விட்ட அன்று எடுத்து, வாசனை பார்த்து, சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பினாள். கண்ணாடித்துண்டு மாதிரி பளிச்சென்று இருந்தது. அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. பதினான்கு பழத்திலும் பதினான்கு வெற்றுச் சீட்டு. வெயில் மையை ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டிருந்தது.

உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தாள். எண், தேதி, நேரம் எல்லாம் இருந்தது. நோட்டில் ஒரு பிழை கிடையாது. ஆனால் ஒன்பது கொடியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடந்தன. எது எந்த எண் என்று சொல்ல வேண்டிய சீட்டு ஊமையாகிவிட்டது.

கணவர் பழத்தை அறுத்துத் தின்றுவிட்டு, இந்த ஜென்மத்தில் இப்படி ஒரு பழம் தின்றதில்லை என்றார். எல்லாப் பழமும் ஒரே ருசிதான். அதுதான் கொடுமை.

“பேசாம அஞ்சு இருக்குன்னு சொல்லு” என்றார் அவர். “பொய்யா என்ன? அந்தப் பதினாலுக்குள்ள அஞ்சு இருக்கத்தானே செய்யுது.”

“எது அஞ்சுன்னு கேட்டா?”

“அவ்வளவு தூரத்துலேருந்து எப்படிம்மா கேப்பா?”

அக்கா நோட்டை மூடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, மென்று முழுங்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னாள். பேனாவையும் சொன்னாள், வெயிலையும் சொன்னாள். 

“முப்பத்தொண்ணு குடுத்தேன்க்கா” என்றாள் சின்னவள். “பேசாம டப்பாவுலயே வச்சிருந்திருக்கலாம் நீ.”

திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவள் பனியைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும், அதற்கடுத்ததும் அப்படியே. பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இறந்துபோனவர் பேரைத் தவிர்ப்பது மாதிரி இரண்டு பேரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

*

பதினான்கு பழத்து விதையையும் அக்கா கழுவிக் காயவைத்தாள். ஒரு முறம் நிறைய இருந்தது. அத்தனை விதையைக் கண்ணால் பார்த்த பிறகு யாருக்கும் மனசு இளகும். பாதியாவது சுத்தமாக இருக்காதா, போட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றும். அவள் வாணலியை அடுப்பில் வைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, அத்தனையையும் வறுத்துவிட்டாள். தெருவில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போனது. “எது இடது எது வலதுன்னு தெரியாத படத்த டாக்டர்கிட்ட குடுக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். சந்தேகத்தை அந்தத் தெரு ஒரு சாயங்காலம் முழுக்கக் கொறித்துத் தின்றது.

வறுப்பதற்கு முன்னால், மதில் மேலிருந்து கை நீட்டி முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனவர் ரேடியோ. அதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக யாரிடமும் சொல்லவில்லை.

டப்பாவில் பதினைந்து மீதி. அக்காவுக்கு அதைத் தொடப் பயமாக இருந்தது. பேனாவை மாற்றலாம், எந்தப் பேனா வெயிலுக்குத் தாங்கும்? தகரத்தில் ஆணியால் எழுதலாம்; காம்பு விட்டால் தகரம் கொடியோடு நிற்கும், பழம் தரையில் கிடக்கும். பழத்தையும் சீட்டையும் சேர்த்து வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. மாதக்கணக்கில் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடை ஆஸ்பத்திரியில் கிடைத்தது. எலும்பு டாக்டர் ஒரு நாள் பழைய ஃபிலிம் ஒன்றை எடுத்துக்கொண்டு இருட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். உறை காணோம், ஒட்டிய சீட்டும் உதிர்ந்துவிட்டது, இது எந்தக் கை, யாருடையது என்று கேட்டார். அக்கா வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மூலையில் வெள்ளையாக ஓர் எழுத்தும் நான்கு எண்களும் தெரிந்தன. படம் எடுக்கும்போதே நோயாளியின் கைக்குப் பக்கத்தில் ஈய எழுத்துகளை வைத்து எடுப்பது வழக்கம். எலும்போடு சேர்ந்து அதுவும் ஃபிலிமில் பதிந்துவிடும்.

“வலது கை, டாக்டர். அப்புறமா ஒட்டற சீட்டு அப்புறமா விழுந்துரும். அதுக்குத்தான் கூடவே சேத்துப் பதிக்கறோம்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். டாக்டர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். அவள் கண்ணுக்கு முன்னால் நின்றது போன வருஷத்துப் பழம் ஒன்று. பிஞ்சாக இருந்தபோது வேலிக் கம்பியில் உரசி ஒரு கீறல் விழுந்திருந்தது. பழம் வளர வளரக் கீறலும் கூடவே வளர்ந்து, ஆறிய காயத்தின் தழும்பு மாதிரி மேடாகிப் பழுப்பு நிறத்தில் நின்றது. எத்தனை வெயிலடித்தும் அது போகவில்லை.

இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தன் தோட்டத்து வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டோமே என்று அன்று பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுப் பெண் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

அடுத்த பருவத்தில் பத்து விதை போட்டாள். ஐந்து டப்பாவில். இந்தத் தடவை தண்ணீரை அளந்து ஊற்றியதில் எட்டு தேறியது. தேனீ செய்த பிஞ்சு கண்ணில் பட்டால் அன்றே கிள்ளி எறிந்தாள்; இரண்டு பிஞ்சு ஒரு கொடியில் இருந்தால் கொடி முந்தி வந்ததைத்தான் வளர்க்கும், கையால் செய்தது உதிர்ந்துவிடும் என்று போன வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். தப்பித் தவறி இலைக்கு அடியில் ஒளிந்து வளர்ந்துவிடுகிற பிஞ்சோடு கலந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் குறி. கையால் செய்த பிஞ்சு கோழிமுட்டை அளவு வந்ததும், ஊசியைத் தீயில் காட்டி ஆறவிட்டு, தோலில் இரண்டு கோடு கீறுவாள். முதல் இரண்டு பிஞ்சில் ஆழமாகக் கீறிவிட்டதில் அழுகிப்போயின.  மூன்றாவதிலிருந்து கை பழகிவிட்டது. நகத்தின் கனம்கூட இல்லாத கீறல். கணவர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “பழத்துக்குப் பச்சை குத்தறியா? என் பேரக் குத்து, யாரும் திருட மாட்டாங்க” என்றார்.

ஆறு பழம் கிடைத்தது. ஆறின் தோலிலும் இரண்டு கோடு, விரல் நீளத்துக்கு வளர்ந்து, தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். ஒரு பழத்துக்கு முந்நூறு விதைக்குக் குறையாது. பதினைந்துக்கு வந்து நின்றது ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது.

அதே வாரம் ரேடியோ மதிலோரம் வந்தார். கையில் ஒரு பழம். வந்து ஐந்து நிமிஷமாகியும் அவர் வாயைத் திறக்கவில்லை என்பதால் அக்காவுக்குக் கவலையாகிவிட்டது, உடம்புக்கு ஏதாவதோ?

“போன வருஷம் உன் முறத்துலேருந்து ஒரு பிடி எடுத்தேம்மா” என்றார். “நாலு கொடி வந்துச்சு. மூணு இப்படி இருக்கு.”

அந்தப் பழத்துக்கு முழு வலையும் இல்லை, முழு வழவழப்பும் இல்லை. தோலில் அங்கங்கே சொறி பிடித்த மாதிரி திட்டுத் திட்டாக வலை. அறுத்துக் காட்டினார். மங்கலான ஆரஞ்சு. மணம் இல்லை. வாயில் போட்டால் வெள்ளரிக்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் எங்கேயோ நின்றது.

“அன்னிக்கு நீ வறுத்தப்போ, இவளுக்குப் பைத்தியம்னு நாலு பேர்கிட்டச் சொன்னேன்” என்றார் ரேடியோ.

“நாலு பேர்கிட்ட மட்டுமா அண்ணே?” என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவர் சொன்னது, அந்த மனிதர் வாயிலிருந்து வந்த லட்சம் வார்த்தைகளில் தங்கமான ஒன்று. “எனக்கும் உன் விதையவே குடு. ரெண்டு வீட்டுலயும் ஒரே பழம்னா தேனீ எங்க வேணா போயிட்டு வரட்டும்.”

 அக்காவுக்கும் தோன்றாத, சின்னவளுக்கும் தோன்றாத வழி அது. கட்டிக் காப்பதற்குப் பதிலாகக் கொடுத்துவிடுவது. அந்த வாரமே மதிலுக்கு அந்தப் பக்கம் இருபது விதை போனது. அடுத்த வருஷம் எதிர் வீட்டுக்கு, அதற்கடுத்த வருஷம் மூலை வீட்டு மாடித் தொட்டிகளுக்கு. ரேடியோ கடைக்கு வருகிறவர்களிடம், கண்ணாடி அளவெடுக்கும் நேரத்தில், இந்தப் பழத்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி பேசினார். நான்காவது வருஷம் அந்தத் தெருவில் பாக்கெட் முலாம்பழம் ஒன்றுகூடக் கிடையாது.

இருந்தும் அக்கா சாயங்காலம் டேப் கிழிப்பதையும் காலையில் பூ தொடுவதையும் விடவில்லை. வீட்டில் சாப்பிட எத்தனை பழம் வேண்டுமானாலும் தேனீ செய்யட்டும். விதைக்கு என்று நான்கு பழம், இரண்டு கோட்டோடு.

“இப்பதான் தெரு முழுக்க உன் பழமாச்சே. இன்னும் எதுக்கு ஊசியத் தூக்கிட்டு அலையற?” என்று கணவர் கேட்டார்.

“நாளைக்குப் புதுசா யாராவது குடி வருவாங்க. வரும்போதே பாக்கெட்டோட வருவாங்க” என்றாள்.

*

இதையெல்லாம் அவள் சின்னவளிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் மாதத்துக்கு ஒன்றாகியிருந்தது. சின்னவள் அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒரு மகள் பிறந்தாள். எல்லாம் பேசினார்கள். ஆனால் பேச்சு தோட்டத்துப் பக்கம் திரும்பினால், அவள் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாள். அவள் கேட்காமல் தானாகச் சொல்வது, பார்த்தாயா சாதித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்வது மாதிரி ஆகிவிடும் என்று அக்காவுக்கு ஒரு கூச்சம். விதையை அவள் கையில் கொடுக்க வேண்டும். வார்த்தையால் ஆகாது.

ஆறாவது வருஷம், விதையை முறைப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப வழி இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அந்த நாட்டிலிருந்து ஒரு அனுமதிக் கடிதம், இங்கே விதையில் நோய் இல்லை என்று ஒரு சான்றிதழ். கடிதத்துக்குச் சின்னவளின் கணவரிடம் ரகசியமாகப் பேசினாள். சான்றிதழுக்கு நான்கு நாள் லீவு போட்டு, மூன்று அலுவலகங்களின் மாடிப்படி ஏறி இறங்கினாள். ஒரு அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்து, இந்த ரகத்துக்குப் பெயர் என்ன என்றார். வீட்டுப்பழம் என்றாள். அப்படி ஒரு பெயர் பட்டியலில் இல்லையே என்றார். பட்டியல்ல இருந்தா நான் ஏன் சார் இவ்வளவு அலையறேன் என்றாள். அவர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெயர் கட்டத்தில் ‘முலாம்பழம், உள்ளூர்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

முப்பத்தொரு விதை அனுப்பினாள். உறைக்குள் ஒரு துண்டுக் கடிதம்: எந்தப் பழத்து விதை, என்றைக்குப் பூ தொட்டது, தோலில் என்ன குறி, அந்தக் குறி எப்படி வந்தது என்று பத்து வரி. மன்னித்துக்கொள் என்று எழுதவில்லை. அது இரண்டு பேருக்குமே சங்கடம்.

ஒரு மாதம் கழித்து, “வந்துச்சு” என்று ஒரு வார்த்தையில் செய்தி வந்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வருஷமும். பழம் வரவில்லை போலிருக்கிறது, அந்தக் குளிரில் எப்படி வரும் என்று கணவர் சமாதானம் சொன்னார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருட்டறையை மூடி, படம் நேராகத் திரையில் விழும் புது இயந்திரம் கொண்டுவந்தார்கள். அவள் இரண்டே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டு, முதல் வேலையாக இடது வலது குறி தானாக வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. இருந்தும் ஈய எழுத்தையும் பக்கத்தில் வைத்தே எடுத்தாள். வீட்டில், பருவம் வந்ததும் டேப்பைக் கிழித்துப் புறங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

விதை போய் நான்காவது வருஷம், ஒரு வேலைநாள் மதியம். எக்ஸ்ரே அறை வாசலில் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். ஒரு கிழவரின் முழங்காலைக் கட்டிலில் நேராக வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது மேசையில் போன் அதிர்ந்தது. படத்தை எடுத்து முடித்து, கிழவரைக் கைபிடித்து இறக்கிவிட்ட பிறகுதான் போனை எடுத்தாள்.

ஒரு புகைப்படம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு தொட்டி. சின்னவளின் மகள் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள், பழைய தாள் நிறத்தில் ஒரு பழம். தோலில் இரண்டு கோடு. ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் கோணலாக. கை பழகாத ஊசி. கீழே நான்கு வரி.

“மூணு வருஷம் பூவோட நின்னுடுச்சு. இந்த வருஷம்தான் வந்துச்சு. இங்க சுத்துவட்டாரத்துல யாரும் முலாம்பழம் போடல, கண்ணாடிக்குள்ள தேனீயும் வராது. இருந்தாலும் கீறிட்டேன்க்கா.”